ராஜலிங்கம் கை நனைத்தது

கண்டிக்குக் கிழக்கே தெல்தெனிய வரைக்கும், மேற்கே கடுகண்ணாவை வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் ராஜலிங்கத்தைத் தெரியாத பரிமாறுகாரர்கள் குறைவு. நல்ல வாடிக்கையாளர் என்று அல்ல, தொல்லை பிடித்த மனிதர் என்று. அப்பியாசக் கொப்பி தயாரிக்கும் கம்பனியொன்றில் இருபத்தாறு வருடமாக விற்பனைப் பிரதிநிதி. கிழமையில் ஐந்து நாள் பகல் சாப்பாடு வெளியில்தான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் மற்றவர்கள் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இவர் எதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார்.

"கத்தரிக்காயப் பொரிக்கையில மா தடவினீங்களா?"

"இல்லீங்க."

"ரோல்ஸ் பொரிச்ச எண்ணெயிலயா பொரிச்சீங்க?"

"கேட்டுப் பாக்கணும்."

"ரசத்துக்குப் பெருங்காயம் போட்டிருக்கா?"

இதற்குள் பின்னால் மூன்று மேசை காத்திருக்கும். பரிமாறுகிறவர் இவருடைய முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பிப்பார். பெருங்காயத்தில் என்ன கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதில் கோதுமை மா சேர்க்கிறார்கள் என்பது ராஜலிங்கத்துக்கே தன் வருத்தம் தெரிந்து ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஏழு வருடமும் ரசத்தை நம்பிக் குடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். அவர் உடம்புக்குக் கோதுமை ஆகாது. பாண், ரொட்டி, ரோல்ஸ், ரவை, சேமியா, கொத்து எதுவும் ஆகாது. ஒரு கரண்டி மா போதும். சாப்பிட்ட இரண்டு மணித்தியாலத்தில் வயிறு முறுக்க ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு ஆள் ஆளாக இருக்கமாட்டார். பாலும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகம் வீங்காது, தோல் தடிக்காது. கண்ணுக்குத் தெரியாத வருத்தத்துக்கு இந்த ஊரில் யாரும் மரியாதை கொடுப்பதில்லை.

கோதுமை கூடாது என்றால் ரொட்டியை எடுத்துக்கொண்டு பாணைக் கொண்டுவந்து வைப்பார்கள். "இது கோதும இல்லண்ணே, ஆட்டா மா" என்று ஆறுதல் சொல்வார்கள். "கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது" என்பவர்கள்தான் அதிகம். என்ன விரதம் என்று கேட்டவர்களும் உண்டு. அலுத்துப்போய் ஒரு வருடம் சீனி வருத்தம் என்று பொய் சொல்லிப் பார்த்தார். சீனி வருத்தத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது. முதலாளிமார் எழுந்து வந்து விசாரித்தார்கள். சீனி உள்ளவர்களுக்கென்றே விசேஷமாகச் சுட்ட குரக்கன் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் முக்கால்வாசி கோதுமை மா. அதோடு பொய்யையும் விட்டார்.

திகனயில் மர்சூக்கின் கடை மட்டும் விலக்கு. மர்சூக் ஆறுதல் சொல்லமாட்டார், ஆலோசனையும் சொல்லமாட்டார். வாசலில் இவர் தலையைக் கண்டதும் உள்ளே போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். "இன்னக்கி ஒங்களுக்கு ஒண்டும் சரிவராதண்ணன். கறிக்கு மா கரச்சி ஊத்தீட்டாங்க. சோத்துக்கு முட்டையொண்டு பொரிச்சித் தாறேன், வேற தாச்சியில." இவ்வளவுதான். ராஜலிங்கத்துக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். ஆனால் திகனப் பக்கம் போவது மாதத்தில் இரண்டு தடவைதான்.

அவர் பிறந்தது தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். தோட்டத்தில் காலையில் ரொட்டி, மலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, ராத்திரிக்குச் சோறு இல்லாவிட்டால் அதற்கும் ரொட்டி. தாய் மூக்காயி தட்டும் ரொட்டி தடிப்பாக இருக்கும், ஓரம் கருகியிருக்கும், கட்டச்சம்பலோடு அதைத் தின்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் வயிறு முன்னால் தள்ளி, கைகால் குச்சியாகப் போயிற்று. பூச்சி மருந்து கொடுத்தார்கள். கயிறு கட்டினார்கள். யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி ஒரு பூசாரி வாந்தியெடுக்க வைத்தார். டவுனுக்கு வேலைக்கு வந்த பிறகு டொக்டர்மார் கேஸ்ட்ரைட்டிஸ் என்றார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, உறைப்பைக் குறை, இரண்டு துண்டு பாண் பாலில் தோய்த்துச் சாப்பிடு. இவரும் சொன்னபடி செய்தார். நல்ல பிள்ளை.

முப்பது வயதில் மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்றாவது இடம் கடுகண்ணாவை. ரவைக் கேசரியும் பால் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளை இரண்டு தடவை எழுந்து பின்பக்கம் போய்வந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது பெண்ணின் தகப்பன் பேச்சை நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஏதோ பெரிய வருத்தம் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் செய்தி போயிற்று. அதற்குப் பிறகு யாரும் ஜாதகம் கேட்கவில்லை. இவரும் வற்புறுத்தவில்லை. சொல்லிச் சிரிக்கக்கூடிய கதைதான், ஆனால் ராஜலிங்கம் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தொரு வயதில், உடம்பில் இரத்தமே இல்லையென்று ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோதுதான் யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளையொருத்தி ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடித்தாள்.

"கோதுமைதான் ஐயா உங்களுக்குப் பிரச்சினை. பாண், ரொட்டி, ரவை ஒண்டும் இனித் தொடக்கூடாது. பாலையும் நிப்பாட்டுங்கோ."

"எத்தன மாசத்துக்கும்மா?"

"மாசக் கணக்கில்லை ஐயா. ஆயுள் முழுக்க."

கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் அழுதார். ரொட்டி போய்விட்டதே என்று அல்ல. தாய் காலை நாலரை மணிக்கு எழுந்து தட்டித் தட்டிப் போட்டதே தன்னை இத்தனை வருடம் தின்றுகொண்டிருந்தது என்பது தாங்க முடியவில்லை. தாய் அப்போது உயிரோடு இல்லை. அது ஒன்றுதான் நிம்மதி.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் அவரும், விதவையான தங்கை வீரம்மாவும், அவள் மகள் நிரோஷினியும் இருந்தார்கள். வீரம்மா பழகிவிட்டாள். வீட்டுக்குள் கோதுமை மா வருவதேயில்லை. நிரோஷினி முன்பள்ளி ஆசிரியை. பாண் தின்ன ஆசை வந்தால் வெளியிலேயே தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வருகிற பிள்ளை. தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்தவளுக்கு மாமன்தான் எல்லாம்.

அந்தப் பிள்ளைதான் ஒருநாள் வந்து, தன்னோடு படித்த ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். பையன் நல்ல பையன், மின்சார வேலை. தகப்பன் வீரையா நகரசபையில் வீதி துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். குடும்பம் மூன்று தலைமுறையாக நகரசபைக் குடியிருப்பில். இதற்கு மேல் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்த விதத்திலேயே எல்லாம் இருந்தது. "நம்ம ஆளுங்க இல்லியே" என்று வீரம்மாவே இரண்டு நாள் முனகினாள். ராஜலிங்கம்தான் முதலில் சரியென்றார். மனதாரச் சொன்னார். அவருக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

வில்லங்கம் சாப்பாட்டில் வந்தது. அவர்கள் வழக்கத்தில் சம்பந்தம் பேசி முடியும்வரை ஒரு வீட்டார் மறு வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம். பரிசம் போடுகிற அன்றைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும், தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் முதலில் கை வைக்க வேண்டும். அவர் கை வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள். வாழ்க்கையில் எந்தப் பந்தியிலும் கடைசி ஆளாக, கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்து எழும்பிப் போகப் பழகியவரை நடு இலையில் உட்கார்த்தி எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்.

தேதி குறிப்பதற்காக வீரையா வீட்டுக்குப் போனபோதே ஒரு சின்னச் சறுக்கல் நடந்துவிட்டது. பேச்சு முடிந்து வெற்றிலை மாற்றியாயிற்று, இனித் தாராளமாக வாய் நனைக்கலாம். பேச்சியம்மா, அதுதான் வீரையாவின் மனைவி, பால் தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். ராஜலிங்கம் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டார். வயிற்றுக்குச் சேராது என்றார். தேத்தண்ணியில் ஆடை கட்டும்வரை பேச்சியம்மா காத்திருந்தாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீரையா சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

அன்று இரவு நிரோஷினியின் போன் நெடுநேரம் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் கண் வீங்கி வந்தாள்.

"மாமா, அவங்க வீட்டுல தப்பா நெனைக்கிறாங்க. நான் ஒங்க வருத்தத்தச் சொன்னேன். நம்புறாங்களா இல்லையான்னு தெரியல."

"பரிசத்தன்னைக்கு எல்லாருக்கும் முன்னால சாப்பிடுறேன்மா. நீ யோசிக்காத" என்றார் ராஜலிங்கம்.

திருகோணமலை வீதியில் ஒரு சைவக் கடையின் மேல்மாடியைப் பரிசத்துக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு நாளுக்கு முன்னாலேயே போய் மனேஜரைப் பிடித்தார். வெறும் சோறு, பெருங்காயம் போடாத பருப்பு, தனிச் சட்டியில் உருளைக்கிழங்கு. மனேஜர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். "டயட்டா சேர்?" என்றார். ஆமாம் என்றார் ராஜலிங்கம். விளக்கம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துபோயிருந்தது.

பரிசம் நல்லபடியாக நடந்தது. தட்டு மாற்றினார்கள், பிள்ளைக்கு மாலை போட்டார்கள். இலை போட்டு இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள், முப்பது பேர் இருக்கும். மனேஜர் சொன்ன சொல் தவறாமல் சோறும் பருப்பும் கிழங்கும் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். ராஜலிங்கத்துக்கு நெஞ்சு இலேசானது. கையை நீட்டப் போனார்.

அப்போது பேச்சியம்மா ஒரு டிபன் கேரியரோடு வந்தாள்.

"ஹோட்டல் சாப்பாடு ஒங்களுக்கு ஒத்துக்காதுன்னு மருமக சொல்லிச்சுண்ணே. அதான் நானே வெள்ளன எந்திருச்சு செஞ்சேன். அரிசி மா இடியப்பம். வீட்டுலயே இடிச்ச மா" என்று சொல்லிக்கொண்டே அவர் இலையில் நாலு இடியப்பத்தை எடுத்து வைத்தாள். சொதியையும் ஊற்றினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ராஜலிங்கம் விரலால் ஓரத்தைத் தொட்டார். அவருக்கு வாயைவிட விரலுக்குத்தான் அனுபவம் அதிகம். தனி அரிசி மா என்றால் உதிரும். இது இழுபட்டது.

"தங்கச்சி, இதுல கோதும மா சேத்திருக்கா?"

"ஒரு கைதான்ண்ணே. இல்லாட்டி மெதுவா வராதே. எல்லாரும் போடுறதுதானே."

எல்லாரும் போடுவதுதான். குற்றம் சொல்ல முடியாது. ராஜலிங்கம் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கோவிச்சிக்கிறாதீங்க தங்கச்சி. எனக்கு அது சேராது. நான் இந்தச் சோத்தச் சாப்பிட்டுக்கிறேன்."

முப்பது பேரும் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வரிசை முடிவில் நிரோஷினி மாலையோடு குனிந்துகொண்டாள். பேச்சியம்மா சத்தம் போடவில்லை. அவருக்கும் பக்கத்தில் இருந்த வீரையாவுக்கும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னாள்.

"சேராதுன்னு சொல்லுவீங்கன்னு தெரியும்ண்ணே. எங்க வீட்டுச் சாப்பாடு ஒங்க ஆளுங்க யாருக்குமே சேந்ததில்ல. எங்க மாமியா காலத்துலயும் வந்தவங்க எல்லாருக்கும் வயிறுதான் சரியில்லாம இருந்துச்சு."

அவள் சொன்னது உண்மை, அது ராஜலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தின் கீழ்ப்புறத்தில், ஒதுக்கிவைத்த ஆட்கள் குடியிருந்த பணிய லயத்தில் கல்யாணமோ சடங்கோ என்றால் மூக்காயி தவறாமல் போவாள். நடுவீட்டில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவாள். சாப்பாடு வந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஒத்துக்கல புள்ள, வெத்தில மட்டும் குடு" என்பாள். வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிடுவாள். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்பது வயதில் ராஜலிங்கம், கூடப்படித்த பணிய லயத்துச் சின்னமுத்துவின் வீட்டில் புட்டு வைத்தபோது வயிற்று வலி என்றான். சின்னமுத்து நம்பிவிட்டான். ஓடிப்போய்த் தாயிடம் சொல்லி ஓமத் தண்ணி காய்ச்சி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். அதையும் இவன் குடிக்கவில்லை. அன்றைக்கு வயிறு வலிக்கவுமில்லை.

மெய்யான வருத்தம் வந்தபோது சொல்வதற்கு அவரிடம் அந்த ஒரு பொய்தான் மிச்சம் இருந்தது. அதைத் தாயும் தானுமாக இழுத்து இழுத்துத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

அவர் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் நனைத்து வாயில் வைத்தார். பந்தி முழுக்கக் கைகள் இறங்கின. நாலையும் சாப்பிட்டார். இலையில் ஒரு இழை விடவில்லை. பேச்சியம்மா இன்னுமொன்று வைத்தாள், அதையும் சாப்பிட்டார். நல்ல ருசி. பத்து வருடத்துக்குப் பிறகு அவ்வளவு மெதுவான ஒன்று நாக்கில் பட்டது, கண் கலங்கிவிட்டது. வீரையா அதைப் பார்த்துவிட்டு அவர் தோளில் கைவைத்தார்.

ஒன்பது நாள் படுத்துக் கிடந்தார். முதல் மூன்று நாள் எழுந்து நடக்கவே முடியவில்லை, நாலாம் நாள் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. "அவங்க காதுக்கு இது போகக்கூடாது. போச்சுன்னா நான் ஒங்க ரெண்டு பேரோடயும் பேசமாட்டேன்" என்று தங்கையிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். கம்பனிக்கு வைரஸ் காய்ச்சல் என்று அறிவித்தார்கள்.

கல்யாணம் நடந்தது. அன்றைக்குப் பரிமாறுகிற சாக்கில் நின்றே தப்பித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகுதான் தான் செய்துவைத்திருந்த காரியம் அவருக்கு முழுதாகப் புரிந்தது. அன்றைக்குச் சாப்பிட்டாரே, சேர்ந்ததே. ஐந்து இடியப்பம் சாப்பிட்டு எழும்பிப் போன மனிதருக்கு என்ன வருத்தம்? வீரையா பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீதியில் கண்டால் கையைப் பிடித்துத் தேத்தண்ணிக் கடைக்கு இழுத்தார்கள். அன்பாகத்தான். ஒவ்வொருவரும் ஒரு ரோல்ஸோடு அன்பாக நின்றார்கள். அவசர வேலை, பஸ் போய்விடும், இப்போதுதான் சாப்பிட்டேன் என்று புதுப்புதுப் பொய்களோடு ராஜலிங்கம் கண்டித் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஓடிக் களைத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், வீரையா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீரையாவும் மாப்பிள்ளையும் சந்தைக்குப் போயிருந்தார்கள். பேச்சியம்மா சுடச்சுட ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். தடித்த ரொட்டி, ஓரம் கருகியது, பக்கத்தில் கட்டச்சம்பல்.

"சின்ன வயசுல ரொட்டின்னா ஒங்களுக்கு உசிராமே. மருமக சொல்லிச்சு. சாப்பிடுங்கண்ணே."

அவர் தட்டைப் பார்த்தார். பசி வேறு. "இப்பத்தான் தங்கச்சி..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கு அஞ்சு இடியப்பம் தின்னீங்களே. இன்னைக்கு மட்டும் என்னவாம்?" பேச்சியம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகாமல் காத்துக்கொண்டிருந்தது. ராஜலிங்கம் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்தார்.

அறை வாசலில் நின்ற நிரோஷினி வந்து அந்தத் துண்டை அவர் விரலிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அத்தே, மாமா பரிசத்துக்குப் பொறகு ஒம்பது நா எந்திரிக்கல. சேலைன் ஏத்துனாங்க. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. என்னால இனி ஏலாது."

பேச்சியம்மா எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த மாவைச் சேலையில் துடைத்தாள், துடைத்த கையையே பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் தின்னீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"நீங்க சொன்னதுக்கு எனக்குப் பதில் இல்ல தங்கச்சி. எங்கம்மாவுக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. பணிய லயத்துல சாப்பாடு வச்சா மட்டும்தான் அதுக்கு ஒத்துக்காது. நானும் அப்பிடிச் சொன்னவன்தான். அதுக்குப் பொறகு எது மெய்யின்னு ஒங்களுக்கு எப்பிடிக் காட்டுறதுன்னு தெரியல."

சொல்லிவிட்டால் அவள் மனம் இளகிவிடும் என்று அவர் எதிர்பார்த்தார் போலும். அது நடக்கவில்லை.

"ஒங்க ஆளுங்க திங்காம எங்கள அசிங்கப்படுத்துனாங்க" என்றாள் பேச்சியம்மா. "அது பழகிப்போச்சுண்ணே. நீங்க தின்னு அசிங்கப்படுத்திட்டீங்க. வெள்ளன எந்திருச்சு ஆசையா செஞ்சேன். எங்கையாலயே ஒரு மனுசனுக்கு நஞ்சு வைக்க வச்சிட்டீங்களே. செத்துக்கித்துப் போயிருந்தா? ஒரு வார்த்த நம்பிச் சொல்லியிருந்தா நான் என்ன, கேக்காமலா போயிருப்பேன்?"

சொல்லத்தான் சொன்னேன் என்று ராஜலிங்கத்தின் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். ஆனால் சொன்ன இரண்டு தடவையும், சேராது என்று, அந்தப் பழைய சொல்லில்தான் சொன்னார். டொக்டர் சொன்னதை, ஆஸ்பத்திரியில் கிடந்ததை, கடுகண்ணாவையில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். முப்பது பேர் முன்னால் வேண்டாம், எழுந்து நடமாடிய பிறகாவது வந்து சொல்லியிருக்கலாம். கடைக்காரர்களுக்கெல்லாம் இருபது கேள்வி கேட்டவர் இவளுக்கு ஒரு விளக்கம் கொடுக்கவில்லை. இவள் புரிந்துகொள்வாள் என்று நினைக்கவேயில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

பேச்சியம்மா எழுந்து ரொட்டித் தட்டை எடுத்தாள். "வாங்க உள்ள. எது ஆகும், எது ஆகாதுன்னு நின்னு சொல்லுங்க. சோறு ஆக்குறேன்."

அவர் குசினிக்குள் போனார். இரண்டு பேர் நின்றால் இடம் சரி. ரொட்டி தட்டிய பலகையில் மா, அடுப்புத் திட்டில் மா, சோற்றுச் சட்டியின் விளிம்பிலும் வெள்ளையாக மா ஒட்டியிருந்தது. அரிசி ஆகும், பருப்பு ஆகும், தேங்காய்ப் பால் ஆகும் என்று சொன்னார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்ல நாக்கு எழவில்லை. எந்தக் கடையிலும் யோசிக்காமல் சொல்கிற சொல்தான். சட்டியைக் கழுவ வேண்டும். ஆனால் அவருடைய ஆட்களில் ஒருவர் இந்த வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, ஒரு சட்டியைக் காட்டி, அதைக் கழுவு என்று எப்படிச் சொல்வது?

"என்ன?" என்றாள் பேச்சியம்மா.

ராஜலிங்கம் சட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் பைப்படிக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினார். சாம்பலும் தும்பும் வைத்து உள்ளேயும் வெளியேயும் தேய்த்தார். அடுத்த வீட்டுக்காரியொருத்தி வேலிக்கு மேலால் பார்த்தாள். சம்பந்தி வீட்டு மாமன் சட்டி கழுவுவதை அவள் முன்பின் கண்டிருக்கமாட்டாள். பேச்சியம்மா வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"விளிம்புல இன்னும் இருக்கு" என்றாள். சட்டியை வாங்கி, தானே இன்னொரு தடவை கழுவினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாவு நாத்தம் இருந்தாலும் செய்யுமா?"

"இல்ல. ஒட்டியிருந்தாத்தான் செய்யும்."

"சரி."

சோறு வேக அரை மணித்தியாலம் எடுத்தது. பருப்பையும் அவளே வைத்தாள், ஒவ்வொரு சாமானையும் போடுவதற்கு முன்னால் தூக்கிக் காட்டினாள், இவர் தலையாட்டினார். நிரோஷினி அத்தைக்கும் மாமனுக்கும் இடையில் வராமல் முன்னறையிலேயே இருந்தாள். ரொட்டியை அவளும், திரும்பி வந்த வீரையாவும் மாப்பிள்ளையும் சாப்பிட்டார்கள். ராஜலிங்கம் சோற்றைச் சாப்பிட்டார். பருப்பில் உப்பு கொஞ்சம் கூட. சாப்பிட்டு முடியும்வரை பேச்சியம்மா அவரோடு பேசவில்லை. கோபம் போயிருக்கவில்லை, போனது போல் நடிக்கவுமில்லை.

அவர் செருப்பைப் போடும்போதுதான் வாசலுக்கு வந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமயும் வாறதுன்னா முன்னுக்கே சொல்லிட்டு வாங்க. சட்டியெல்லாம் கழுவி வைக்கணும்."

வாறேன் என்றார் ராஜலிங்கம்.